மூலாதார ஆய்வு எழுதுவது எப்படி? காலி மும்மொழிக் கல்வெட்டை வைத்து ஒரு விளக்கம்

வரலாற்று ஒப்படையில் ஒரு பழைய கடிதத்தையோ கல்வெட்டையோ படத்தையோ தந்து, "இந்த மூலாதாரத்தை ஆராய்க" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் அதில் உள்ளதைத் தம் சொற்களில் திருப்பி எழுதித் தருகிறார்கள். கையெழுத்து அழகாக இருக்கும், எழுத்துப்பிழை இருக்காது, இரண்டு பக்கம் நிரம்பியிருக்கும். புள்ளி மட்டும் பாதிக்குக் கீழே நிற்கும். மூலாதாரம் என்ன சொல்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதே பக்கம் அவர் கையிலும் இருக்கிறது. அதை யார், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னார், அதனால் எந்தக் கேள்விக்கு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் அவர் உங்களிடம் கேட்கிறார்.

கொழும்பில் படிக்கும் மாணவருக்கு இதைப் பழக ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலையில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும் ஒரு கல் நிற்கிறது. காலி மும்மொழிக் கல்வெட்டு என்பது அதன் பெயர். மூலாதார ஆய்வில் வரக்கூடிய சிக்கல்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒரே கல்லில் அடங்கியிருக்கின்றன. அதனால் இந்த விளக்கத்தை அதை வைத்தே நகர்த்துகிறோம்.

முதன்மையா, இரண்டாம் நிலையா?

பாடநூல்கள் மூலாதாரங்களை இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று பிரிக்கின்றன. அது பொருளின் வகையைச் சொல்லும் பிரிவு. ஆய்வு எழுதும்போது இன்னொரு பிரிவும் தேவை. நீங்கள் ஆராயும் காலத்திலேயே, அந்த நிகழ்வோடு தொடர்புள்ளவர்களால் உண்டானது முதன்மை மூலாதாரம். பின்னால் வந்தவர் பழையவற்றைத் திரட்டி எழுதியது இரண்டாம் நிலை மூலாதாரம்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். வழுக்கும் இடம் அடுத்தது. ஒரு நூல் எப்போதும் முதன்மையாகவோ எப்போதும் இரண்டாம் நிலையாகவோ இருப்பதில்லை. நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்து அது மாறும். மகாவம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துட்டகைமுனு கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். மகாவம்சம் அனுராதபுரத்து மகாவிகாரை என்ற பௌத்த மடத்தின் மரபில் எழுதப்பட்டது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில். இடையில் 600 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. ஆகவே துட்டகைமுனு - எல்லாளன் போரைப் பற்றிக் கேட்டால் அது பிற்காலச் சான்று. ஆனால் "மகாவிகாரைத் துறவிகள் தங்கள் கடந்த காலத்தை எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்டால் அதே நூல் முதன்மை மூலாதாரமாகிவிடும். யாழ்ப்பாண வைபவமாலையும் அப்படித்தான். மயில்வாகனப் புலவர் அதை எழுதியது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில். யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்ததோ 1619இல். அந்த இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளைப் பற்றிக் கேட்டால் காலத்தால் பிந்தியது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம் தன் பழம்பெருமையை எப்படி நினைவில் வைத்திருந்தது என்று கேட்டால் நேரடிச் சான்று.

ஆகவே "இது முதன்மை மூலாதாரம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "இன்ன கேள்விக்கு இது முதன்மை மூலாதாரம்" என்று எழுதுங்கள். கூடுதலாக இரண்டு சொற்கள்தான், ஆனால் விஷயம் விளங்கியவர் எழுதியது என்பது அதிலேயே தெரியும்.

கல்லிடம் போவோம்

எந்த மூலாதாரத்தையும் ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கலாம்: பிறப்பு, நோக்கம், உள்ளடக்கம், பயன், எல்லை. பெயர்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், வேலை ஒன்றுதான். வாசகத்தை வாசிப்பதற்கு முன்பே பிறப்பைக் குறித்துக்கொள்வது நல்லது. வாசகத்துக்குள் போய்விட்டால் அது சொல்வதையே நம்பத் தொடங்கிவிடுவோம்.

பிறப்பு. இந்தக் கல்வெட்டு சீனாவின் மிங் வம்சத்து யொங்லே பேரரசர் பெயரால் எழுதப்பட்டது. வாசகம் தாங்கி நிற்கும் காலம் 1409 பெப்ரவரி. இலங்கைக்குக் கொண்டுவந்தது கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல் தொகுதி. மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது டொம்லின் என்ற பொறியியலாளர் இதைக் கண்டார்.

இந்தச் சிறு குறிப்பிலேயே ஆராய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது காலம். செங் ஹேயின் மூன்றாவது கடற்பயணம் 1409இன் பிற்பகுதியில்தான் புறப்பட்டது. கல்லில் உள்ள திகதி அதற்கு முந்தியது. வாசகம் சீனாவிலேயே எழுதிப் பொறிக்கப்பட்டுக் கப்பலில் வந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. அப்படியானால் நடந்து முடிந்த ஒரு சடங்கின் பதிவாக இதைக் கொள்ள முடியாது. செய்யப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்த அறிவிப்பாகத்தான் கொள்ளலாம். இரண்டாவது, மதகு. ஒரு பேரரசர் அனுப்பிய கல் பிற்காலத்தில் தண்ணீர் ஓடும் கானை மூடப் பயன்பட்டிருக்கிறது. அதன் பொருளை அறிந்தவர்களோ, அதை மதித்தவர்களோ ஒரு கட்டத்தில் அந்த ஊரில் இல்லாமற் போய்விட்டார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. மூலாதாரம் பிறந்த கதையைப் போலவே, அது நம் கைக்கு வந்து சேர்ந்த கதையும் ஆய்வுக்கு உரியது. இதை எழுதுபவர்கள் குறைவு. எழுதினால் புள்ளி உண்டு.

நோக்கம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரை, அதாவது தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த விஷ்ணுவைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து பேசுகிறது. மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் வருகிறது. பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்தவை. ஒரே அரசர், ஒத்த காணிக்கை, மூன்று வழிபாடு. இதைப் பார்த்ததும் "சீனப் பேரரசர் எல்லாச் சமயங்களையும் மதித்தார்" என்று எழுதத் தோன்றும். எழுதலாம், ஆனால் அங்கே நிற்கக்கூடாது. ஒரு பேரரசர் எதற்காகக் கடல் கடந்து மூன்று சமூகத்தாரிடம் மூன்று மொழியில் நல்ல பெயர் தேட வேண்டும்? தென்னிலங்கைத் துறைமுகங்களுக்கு வந்துபோன வணிகர்களை நினைத்துக்கொண்டால் விடை கிடைக்கும். தமிழும் பாரசீகமும் அன்று இந்து சமுத்திர வணிகத்தில் புழங்கிய மொழிகள். இந்தக் கல் பக்தியோடு இராஜதந்திரத்தையும் பேசுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லில் சிங்களம் இல்லை. இலங்கையில் நிறுத்துவதற்கென்று செய்த கல்லில், தீவின் ஆட்சியாளர்களும் பெரும்பான்மை மக்களும் பேசிய மொழி இல்லை. இதற்குக் காரணம் கல்லில் எழுதப்படவில்லை. ஆகவே நீங்கள் எழுதும்போது "ஏனெனில்" என்று அடித்துச் சொல்லாமல், "துறைமுக வணிகர்களையே முதன்மையான வாசகர்களாக எண்ணியிருக்கலாம்" என்று எழுத வேண்டும். மூலாதாரம் எதைச் சொல்லவில்லை என்று பார்க்கத் தெரிந்த மாணவர், சொல்வதை மட்டும் பார்ப்பவரை விட வெகுதூரம் முன்னால் போய்விடுகிறார்.

உள்ளடக்கம். இதை இரண்டு மூன்று வசனங்களுக்கு மேல் நீட்ட வேண்டாம். 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டுத் துணிகள், 2,500 கட்டி (சீன நிறை அளவு) எண்ணெய் என்று பட்டியல் போகிறது. எண்களை எடுத்தாளும்போது அவை எதற்குச் சான்று என்பதையும் உடனே சொல்லுங்கள். பட்டியலைப் பட்டியலாகவே கொப்பியில் இறக்கி வைப்பதால் ஒன்றும் கிடைக்காது.

பயன். 15ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கைக் கரையில் தமிழுக்கு இருந்த இடத்தைக் காட்ட இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. சீன அரசவை ஒன்று தமிழில் கல் வெட்டுவித்திருக்கிறது என்றால், அதைப் படிக்க ஆள் இருந்தது என்றுதானே பொருள்? தெனவரைக் கோயிலின் புகழுக்கும் இது சான்று. இங்கே இன்னொரு மூலாதாரத்தைப் பக்கத்தில் வைக்கலாம். 1344இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூதா அதே ஊரைத் தீனவார் என்று குறிப்பிட்டு, அங்குள்ள பெரிய கோயிலையும், அதில் ஏறக்குறைய 1,000 பிராமணரும் யோகிகளும் இருந்ததையும் சொல்கிறார். ஒருவர் முஸ்லிம் பயணி, மற்றது சீன அரசவை. இடையில் 65 ஆண்டுகள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுத வழியில்லை. இருவரும் ஒரே கோயிலின் சிறப்பைச் சொல்வதால் அந்தச் செய்தி உறுதிப்படுகிறது. ஒன்றையொன்று சாராத இரு மூலாதாரங்கள் ஒத்துப்போவதே சரிபார்த்தலின் உயிர்நாடி. 1,000 என்ற எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இபுனு பத்தூதா தம் பயணக்கதையைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஊர் திரும்பிய பின், நினைவிலிருந்து சொல்ல, இன்னொருவர் அதை எழுதினார்.

எல்லை. கல் கொடுப்பவரின் குரலில் பேசுகிறது. காணிக்கை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா, வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள், தீவின் அரசன் இதை எப்படிப் பார்த்தான் என்பதற்கெல்லாம் அதில் விடை இல்லை. கல் சொல்லும் நட்பு எவ்வளவு நாள் நிலைத்தது என்று பார்த்தால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கதை தலைகீழாகிறது. மிங் அரசவைப் பதிவுகளின்படி, செங் ஹே இலங்கை அரசனோடு போரிட்டு அவனைச் சிறைபிடித்து, 1411இல் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோனார். சிறைபிடிக்கப்பட்டவன் அளகேஸ்வரன் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். அதே பதிவுகள், அரசன் தரப்பில் 50,000க்கு மேற்பட்ட படை என்றும், செங் ஹே 2,000 பேரோடு தலைநகரைத் தாக்கினார் என்றும் கூறுகின்றன. வென்றவர் எழுதிய கணக்கில் எதிரியின் படை பெருத்தும் தன் படை சிறுத்தும் வருவது உலகெங்கும் காணும் வழக்கம். எனவே அந்த எண்களையும் ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

கல்லும் அரசவைப் பதிவும் சீனத் தரப்பின் குரல்களே. ஒன்று பரிசைப் பேசுகிறது, மற்றது போரைப் பேசுகிறது. ஒரே தரப்பின் இரண்டு மூலாதாரங்களே இவ்வளவு வேறுபட்ட படத்தைத் தரும்போது, ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு "15ஆம் நூற்றாண்டில் சீனாவும் இலங்கையும் நட்பாக இருந்தன" என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழை என்று பாருங்கள்.

"பக்கச்சார்பானது" என்ற சொல்

விடைத்தாள்களில் அதிகம் வரும் வசனம் இதுதான்: "இம்மூலாதாரம் பக்கச்சார்பானது, ஆகவே நம்பத்தகாதது." இதற்குப் புள்ளி கிடைப்பது அரிது. பக்கம் சாராத மூலாதாரம் உலகத்தில் இல்லை. எந்தப் பக்கம் சார்ந்தது, எந்தச் சொல்லில் அது தெரிகிறது, ஏன் அப்படிச் சாய்ந்தது, அந்தச் சாய்வே நமக்கு எதைக் கற்பிக்கிறது என்று சொன்னால்தான் அது ஆய்வு.

கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 கண்டி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 2ஆம் திகதி கண்டியில் வாசிக்கப்பட்டது. அதன் தொடக்கம் "மலபார் ஆட்சியாளரின்" கொடுமைகளையும் ஒடுக்குமுறையையும் காரணமாகக் காட்டி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரியணை உரிமையை இழந்தான் என்கிறது. இதை வாசித்துவிட்டு "அரசன் கொடியவன்" என்று எழுதினால், ஒப்பந்தம் எழுதியவர் விரும்பியதை அப்படியே செய்தவராகிவிடுவீர்கள். "பிரித்தானியர் பொய் சொன்னார்கள்" என்று எழுதினாலும் போதாது. மெதுவாகப் பாருங்கள். அரசன் பிடிபட்டது பெப்ரவரி 18. ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது அதற்குப் பிறகு. அதாவது நாடு கைக்கு வந்த பின்னர் எழுதப்பட்ட காரணம் இது. "மலபார்" என்ற சொல்லும் தற்செயலாக வந்ததல்ல. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தென்னிந்தியரையும் பொதுவாகக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அரசனை அந்நியன் என்று காட்ட அது உதவியது. அப்படிக் காட்டுவதில் ஆளுநர் பிரவுன்றிக்குக்கு ஒரு தேவை இருந்தது. அரசனோடு பகைத்திருந்த கண்டிப் பிரதானிகளுக்கும் ஒரு தேவை இருந்தது.

இப்போது முடிவு எப்படி வருகிறது? அரசனின் உண்மையான குணத்தை அறிய இந்த ஒப்பந்தம் பலவீனமான சான்று. ஆனால் ஒரு கைப்பற்றலை விடுதலையாகக் காட்ட பிரித்தானியரும் பிரதானிகளும் எந்த மொழியைப் பயன்படுத்தினார்கள் என்று அறிய மிக வலுவான சான்று. பக்கச்சார்பு இங்கே குறையாக நிற்கவில்லை. நாம் தேடிவந்த சான்றே அதுதான்.

றொபர்ட் நொக்சின் நூலுக்கும் இதே பார்வை பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் வந்து 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. ஊருக்குள் சுற்றித் திரிய முடிந்ததால் உழவு, உணவு, வீடு, உடை பற்றி அவர் எழுதியவை பெறுமதியானவை. இரண்டாம் இராஜசிங்கனின் மனதில் என்ன இருந்தது என்று அவர் எழுதினால், தன்னைச் சிறைவைத்த அரசனைப் பற்றி ஒரு கைதி, இலண்டன் வாசகருக்காக எழுதுகிறார் என்பதை மறக்கக்கூடாது. ஒரே நூல், ஒரு கேள்விக்கு வலுவானது, இன்னொன்றுக்கு மெலிந்தது.

எழுத உட்காரும்போது

வீட்டில் செய்யும் ஒப்படை ஏறக்குறைய 500 சொற்கள் என்றால், பிறப்புக்கும் நோக்கத்துக்குமாக 150, உள்ளடக்கத்துக்கு 70க்கு மேல் வேண்டாம், பயனுக்கு 130, எல்லைக்கு 110, மீதி முடிவுக்கு. எண்ணிப் பார்த்து எழுதச் சொல்லவில்லை. உள்ளடக்கப் பந்தி மற்றவற்றை விட நீண்டு நின்றால், நீங்கள் மறுபடியும் சுருக்கம் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அது அடையாளம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கு.

வகுப்பில் 40 நிமிடத்தில் எழுத வேண்டியிருந்தால் முதல் 10 நிமிடம் பேனையைத் தொடாமல் இரண்டு முறை வாசியுங்கள். முதல் வாசிப்பில் தலைப்பு, திகதி, எழுதியவர் பெயர், மூலாதாரத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள குறிப்பு ஆகியவை மட்டும். அந்தச் சிறிய எழுத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை; பாதி விடை அங்கேதான் கிடக்கிறது. இரண்டாம் வாசிப்பில் உணர்ச்சியைத் தூண்டும் சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். அடுத்த 5 நிமிடம் ஓரத்தில் குறிப்பு, 20 நிமிடம் எழுத்து, கடைசி 5 நிமிடம் வாசித்துத் திருத்த.

ஒரு பந்தி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு முதலில் பலவீனமான ஒன்று:

"இக்கல்வெட்டு மும்மொழியில் உள்ளது. இதில் பொன், வெள்ளி, பட்டு முதலியன வழங்கப்பட்டமை கூறப்பட்டுள்ளது. இது சீனர்களால் எழுதப்பட்டமையால் பக்கச்சார்பானது. எனினும் இது மிகவும் முக்கியமான மூலாதாரமாகும்."

இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எந்த வசனமும் அடுத்ததோடு கைகோக்கவில்லை. "முக்கியமான" என்பது எதற்கு முக்கியம் என்று சொல்லவில்லை. கடைசி இரண்டு வசனங்களை வேறு எந்தக் கல்வெட்டுக்கும் பெயரை மாற்றி ஒட்டிவிடலாம். அப்படி ஒட்ட முடிகிற வசனம் உங்கள் விடையில் இருந்தால் அதை வெட்டிவிடுங்கள். இப்போது திருத்தியது:

"இக்கல்வெட்டு ஒத்த காணிக்கைப் பட்டியலை மூன்று மொழிகளில், மூன்று வழிபாட்டு மரபுகளுக்கு உரியதாகக் கூறுகிறது. துறைமுகங்களில் கூடிய பல சமயத்து வணிகரையும் தன் பக்கம் வைத்திருக்கச் சீனப் பேரரசர் விரும்பினார் என்பதை இது உணர்த்துகிறது. ஆகவே சீன அரசின் கடல்வழி இராஜதந்திரத்தை அறிய இது வலுவான சான்று. ஆனால் வாசகம் 1409 பெப்ரவரியில், கப்பல்கள் புறப்படும் முன்னரே எழுதப்பட்டது. எனவே காணிக்கை கையளிக்கப்பட்டதா, அதை இலங்கையர் எவ்வாறு ஏற்றனர் என்பவற்றை இதை மட்டும் வைத்து உறுதிசெய்ய இயலாது."

முதல் வசனம் கவனிப்பு, இரண்டாவது அதிலிருந்து பிறந்த ஊகம், மூன்றாவது எந்தக் கேள்விக்குப் பயன் என்ற தீர்ப்பு, பிறகு எல்லையும் அதற்கான காரணமும். காரணம் மூலாதாரத்துக்கு உள்ளேயே, அதன் திகதியிலேயே இருந்து எடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். "காட்டுகிறது", "உணர்த்துகிறது", "ஊகிக்க இடமளிக்கிறது", "உறுதிசெய்ய இயலாது" ஆகிய வினைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பழகிக்கொள்ளுங்கள். கல்லில் நேரடியாக உள்ளதற்கு முதல் வினை. நீங்கள் சேர்த்து யோசித்ததற்கு இரண்டாவதும் மூன்றாவதும். எல்லாவற்றுக்கும் "நிரூபிக்கிறது" என்று போடுவது ஒரு கெட்ட பழக்கம்.

மேற்கோள் எடுப்பதானால் மூன்று நான்கு சொற்கள் போதும். "மலபார் ஆட்சியாளர்" என்ற இரண்டு சொல்லை வைத்து மேலே ஒரு பந்தியே எழுதினோம். முழு வாசகத்தையும் மேற்கோள் குறிக்குள் இறக்கினால், அதில் எந்தச் சொல் உங்களை யோசிக்க வைத்தது என்பது மறைந்துவிடும்.

மொழிபெயர்ப்பையும் மறக்கக்கூடாது. இபுனு பத்தூதா சொன்னது அரபு மொழியில். நொக்ஸ் எழுதியது ஆங்கிலத்தில். உங்கள் கையில் இருப்பது தமிழ். இடையில் ஒருவரோ இருவரோ சொல் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை வைத்துப் பெரிய முடிவு எடுக்கும்போது "மொழிபெயர்ப்பின்படி" என்று சேர்த்துக்கொள்வது நேர்மை.

படம், புள்ளிவிபரம்

ஒளிப்படத்தைக் கண்டதும் "கண்ணால் கண்டது, ஆகவே உண்மை" என்று எழுதிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டு ஒளிப்படங்களில் ஆட்கள் அசையாமல் நின்றாக வேண்டும். பெரும்பாலும் நிறுத்திவைத்து எடுத்தவையே. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வரிசையாகக் கூடையோடு நிற்கும் படம் என்றால், யார் நிற்கச் சொன்னது, யார் வாங்குவதற்காக எடுத்தது, சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேளுங்கள். தொழிலாளர் குடியிருந்த லயன் அறை அந்தப் படத்தில் இல்லை என்பதும் ஒரு செய்திதான். படத்தின் கீழே உள்ள வாசகத்தை எழுதியவர் படம் எடுத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை.

எண்களுக்கும் பிறப்பு உண்டு. இலங்கையில் நவீன முறையிலான முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அதன் மொத்தம் 24,00,380. இதை ஒரு நாட்டின் அளவாக எடுத்தாளலாம். ஆனால் அட்டவணையின் தலைப்புகளைக் கவனியுங்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியே எண்ணத் தொடங்கியது 1911 மதிப்பீட்டிலிருந்துதான். அதற்கு முந்திய "தமிழர்" என்ற எண்ணையும் பிந்திய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைந்தது", "கூடியது" என்று எழுதினால் விடை முழுதும் சரிந்துபோகும். யாரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று முடிவு செய்தவர் அரசாங்கத்தார். எண்ணப்பட்டவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்பது வேறு.

கொழும்பில் எங்கே தேடுவது?

பாடநூலில் தந்த மூலாதாரத்தோடு நிற்காமல் இன்னொன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்தால் ஒப்படை தனித்துத் தெரியும். கொழும்பு 7இல் தேசிய நூதனசாலையும் தேசிய சுவடிகள் காப்பகமும் இருக்கின்றன. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது; இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் பார்க்க அங்கே போகலாம். வெளியே போக முடியாதவர்கள் நூலகம் இணையத்தளத்தில் எண்ணிமமாக்கிய பழைய ஈழத்து வெளியீடுகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். பத்திரிகை ஒன்றை எடுத்தால் பெயர், திகதி, பக்க எண் மூன்றையும் உடனே கொப்பியில் குறியுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நூதனசாலைக்குப் போனால் இரண்டு விஷயம். கல் முதன்மை மூலாதாரம். கல்லுக்கு அருகில் உள்ள விளக்கப் பலகை இரண்டாம் நிலை. பலகையில் உள்ளதை எழுதிவிட்டு "கல்வெட்டு கூறுகிறது" என்று போடக்கூடாது. மற்றது, எழுத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மூன்று பகுதிகளில் பாரசீகப் பகுதிதான் மிகவும் சிதைந்திருக்கிறது. ஆகவே அந்தப் பகுதி எதைச் சொல்கிறது என்று எழுதும் ஒவ்வொரு வசனத்திலும் "வாசிக்கக்கூடிய அளவில்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். எதையேனும் அது சொல்லவில்லை என்று எழுதப்போனால், சொல்லாமல் விட்டதா, தேய்ந்து போனதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.